கூட இருப்பவர் கையெழுத்து

முதலில் வீட்டுக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு பழைய வீட்டின் முன்போர்ஷனில் அப்போது தனியாகக் குடியிருந்தேன். பீரோவுக்கு அடியிலும் சிங்க்குக்குப் பின்னாலும் தேட என்னால் முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவளுக்குத் தரை எட்டாத தூரம். பின்போர்ஷனில் இருந்த வீட்டுக்காரம்மா பத்மாக்காவைக் கூப்பிட்டேன். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக மூன்று தலைமுறைக்கு முன்னால் அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம் அவர்களுடையது. தமிழோடு ஊர் இந்தியும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள்.

பத்மாக்கா விளக்குமாற்றோடு வந்து ஒவ்வொரு மூலையாகக் குத்திப் பார்த்தார்கள். "எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல மா" என்று நிமிர்ந்தவர்கள், என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

"மெர்சி மா, நீ கட்டில்ல குப்புறப் படுக்கிறியா?"

"எதுக்குக்கா?"

"படு மா. சொல்றேன்."

கையை ஊன்றிக் கட்டிலுக்கு மாறிப் படுத்தேன். நைட்டியை விலக்கிப் பார்த்த பத்மாக்கா வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னக்கா, என்னக்கா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஹவ் மா, ஆமா, இங்கதான்" என்றார்கள். "நாத்தம் இங்கேயிருந்துதான் வருது. ஆஸ்பத்திரி நக்கோ, வேணாம்னு மட்டும் சொல்லிடாத."

மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்தது. ஊரெல்லாம் வைரல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். வலி? வலி எப்படித் தெரியும்? எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது.

பிளஸ் டூ முடித்த லீவில், பாளையங்கோட்டையில் நான் ஏறிய ஆட்டோ கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டது. வேலூரில் ஆறு மாதம் வைத்து, காலில்லாமல் வாழச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவுவது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே குழாய் செருகிச் சிறுநீர் எடுப்பது எல்லாம் அங்கே படித்ததுதான். எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படித்தது, அரைமணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது. நன்றாக இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்தில் தங்களை அறியாமலே அசைந்துகொண்டே இருக்கிறார்கள். உறுத்தினால் அசைகிறார்கள். எனக்கு உறுத்தாது. அசையாமல் இருந்தால் உட்காரும் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் போகாமல் செத்துவிடும். அதைத்தான் படுக்கைப் புண் என்கிறார்கள். பெயர்தான் படுக்கைப் புண். வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கும் வரும்.

தபாலில் பட்டம் முடித்து, இருபத்து மூன்று வயதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்க அமீர்பேட் வந்தேன். அண்ணன் சாம் சென்னையில் பேங்கில் இருந்தான். ஹைதராபாத்தில் யாரும் இல்லை. அதனால்தான் ஹைதராபாத். அப்பா இறந்து, அம்மா என்னை ஒரு நிமிடம் கண்ணிலிருந்து விடாத வருடங்கள் அவை. படித்து முடித்ததும் அமீர்பேட்டிலேயே வேலை கிடைத்தது. பத்மாக்கா வீட்டு வாசலில் சிமெண்டுச் சாய்தளம் போட்டேன். பாத்ரூம் கதவை அகலப்படுத்தினேன். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போனேன். மூன்று வருடம் ராணியாக இருந்தேன். கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு கம்பெனி மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் முடியாது. ஆபீஸ் வண்டியில் போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி. வண்டி சீட்டில் என் காற்று மெத்தையை வைத்தால் சரிந்து விழுவேன், மெத்தையில்லாமல் உட்கார்ந்தேன். புதுக் கட்டடத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. அதற்குள் துடைப்பமும் பக்கெட்டும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்த சூப்பர்வைசரை ஒவ்வொரு தடவையும் மாடி மாடியாகப் போனில் தேட வேண்டும். ஒரு வாரம் தேடினேன். அப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். சாஃப்ட்வேர் ரிலீஸ் நெருக்கத்தில் உடம்பைத் தூக்கி இறக்கவும் மறந்தேன். தினமும் பின்பக்கம் பார்த்துக்கொள்ள நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று வைத்திருந்தேன். அது உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்புதான். மறைக்க ஒன்றுமில்லை.

*

செகந்திராபாத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் பத்மாக்கா கூட்டிப்போனார்கள். கேஷுவால்டியில் இருந்த டாக்டர் என்னைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி, "அட்டெண்டர் எவரு?"

நோயாளியோடு வந்தவர் யார் என்று அர்த்தம். அங்கே கிடந்த ஐம்பத்தாறு நாளில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். எவ்வளவு நாளாகக் காய்ச்சல், சிறுநீர் எப்படிப் போகிறாள், இவளை யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று அவர் பத்மாக்காவிடம் கேட்டார். நான் தெலுங்கில் பதில் சொன்னேன். அவர் திரும்பவும் பத்மாக்காவிடமே அடுத்த கேள்வியைக் கேட்டார். மேஜைமேல் வைத்த வானொலிப் பெட்டி பதில் சொல்வது போல நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இவங்களை யார் பார்த்துக்கிறாங்க?"

"நானே பார்த்துக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. "அழகாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எடுத்த பரிசோதனைகளை எண்ணி முடியாது. ரத்தம் எடுத்தார்கள். புண்ணிலிருந்து சீழ் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. குகைக்குள் நாற்பது நிமிடம் படுக்க வைத்தார்கள். அந்த அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் என் சிறுநீர் நேரம் வந்தது. குழாய்ப் பை என் கைப்பைக்குள் இருக்கிறது, ஒரு திரை இருந்தால் போதும், நானே எடுத்துக்கொள்வேன் என்று வார்டுபாயிடம் சொன்னேன். "அட்டெண்டர் வரட்டும்" என்றார். பத்மாக்கா பில் கவுண்டரில் நின்றிருந்தார்கள். அந்த நடைபாதையில், அத்தனை பேர் நடுவில், படுக்கை நனைந்தது. நனைந்ததைக்கூட ஒரு கிழவர் மூக்கைப் பொத்தியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

கிருமி எலும்புக்குள் போய்விட்டது என்று முடிவு வந்தது. ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று சீட்டில் எழுதினார்கள். எலும்புக்குச் சீழ் பிடிப்பது, அவ்வளவுதான். முதலில் செத்த சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். புண் சுத்தமான பிறகு, தொடையிலிருந்து சதையும் தோலும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்து குழியை மூட வேண்டும். ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து. அந்த ஆறு வாரமும் உட்காரக் கூடாது, மல்லாக்கப் படுக்கக் கூடாது. குப்புறத்தான்.

அம்மாவும் சாம் அண்ணனும் மறுநாள் ரயிலில் வந்தார்கள். அண்ணி அப்போது ஏழு மாதம்; அவளைச் சென்னையில் விட்டுவிட்டு வந்திருந்தான். அம்மா என் தலைமாட்டில் நின்று, "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

புண்ணுக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வந்தபோது உறவினர்களை வெளியே போகச் சொன்னாள். சாம் போய்விட்டான். அம்மா போகவில்லை. "நான் பெத்தவ, நிக்கேன்" என்றாள். நான் முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு, அம்மா பயப்படக் கூடாதே என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கேண்டீன் இட்லி கல்லு மாதிரி இருக்கும் என்றோ என்னவோ. கட்டு முடிந்ததும் அம்மா வராண்டாவுக்குப் போனாள். வெகுநேரம் திரும்பவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சின்ன டாக்டர் ஒருவர் சம்மதப் படிவத்தோடு வந்தார். நேராக சாமிடம் போய்ப் பேனாவை நீட்டினார். "பிரதர்தானே? இங்க ஒரு கையெழுத்து."

"டாக்டர், எனக்கு இருபத்தாறு வயசு" என்றேன் குப்புறப் படுத்தபடி. "காலுக்குத்தான் உணர்ச்சி இல்ல. கை நல்லாத்தான் இருக்கு."

"ரூல் மேடம். அட்டெண்டர்தான் சைன் பண்ணணும்."

"ஆபரேஷன் எனக்கா, அட்டெண்டருக்கா?"

சாமுக்கு முகம் சிவந்துவிட்டது. "குடுங்க, அவளே போடுவா" என்று படிவத்தை வாங்கி என் முகத்துக்குக் கீழே பிடித்தான். நான் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அடியில் இன்னொரு கோடு காட்டி, "சார், நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க" என்றார். சாம் போட்டான். என்னைப் பார்க்காமல்தான் போட்டான்.

அன்று மாலை பெரிய சர்ஜன் வந்தார். கைதேர்ந்த மனிதர், ஆபரேஷனை அற்புதமாகச் செய்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் கட்டிலுக்கு மேலே, என் முதுகுக்கு மேலே, அவரும் சாமும் பேசினார்கள். "இவங்களைத் தனியா விட்டது பெரிய தப்பு. இது நெக்லிஜென்ஸ் கேஸ். ஃபேமிலியோட இருந்தா இது வந்திருக்காது." மாதாப்பூர் கழிப்பறையில் பூட்டியிருந்த துடைப்பத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதுவும் நெக்லிஜென்ஸ்தானே? அதற்கு எந்த அட்டெண்டரிடம் கையெழுத்து வாங்குவது?

*

ஆறு வாரம் குப்புறக் கிடப்பது என்னவென்று சொல்கிறேன். நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை, கால் முட்டிக்குக் கீழே ஒன்று. கன்னம் மாற்றி மாற்றி வைத்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். சோறு தொண்டையில் மேல்நோக்கி ஏறுவது போல இருக்கும். வருகிறவர்களின் முகம் தெரியாது, செருப்பு தெரியும். மருந்து ஏற ஏற வாயில் இரும்பு ருசி. ஒரு கை நரம்பு அடைத்துக்கொண்டால் மறு கை. உணர்ச்சி உள்ள கைகள் அவை, அந்த ஊசிகள் எல்லாம் வலித்தன. வலிக்கும்போது ஒரு சந்தோஷம்கூட வந்தது, இது என் உடம்புதான் என்று.

சாம் அண்ணன் லீவை நீட்டி நீட்டி மூன்று வாரம் இருந்தான். வளையும் உறிஞ்சுகுழாய் தேடி செகந்திராபாத் முழுக்க அலைந்தான். கட்டிலின் விளிம்புக்கு வெளியே என் தலையைத் தொங்கவைத்து, கீழே பக்கெட் வைத்து, மக்கில் தண்ணீர் மொண்டு என் தலையைத் தேய்த்துவிட்டான். அவன் யாருக்கும் தலை தேய்த்துவிட்டவன் இல்லை. ஷாம்பு எல்லாம் என் காதுக்குள். "கண்ண மூடிக்கோட்டி, கண்ண மூடிக்கோ" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு கவளத்தையும் சின்னதாக உருட்டி ஊட்டினாள். பகலெல்லாம் அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு முதுகு சாய இடம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ச் சபையிலிருந்து ஒரு போதகரும் நாலு பேரும் வந்தார்கள். அவர் என் உள்ளங்காலில் கை வைத்து, "இந்த மகள் எழுந்து நடப்பாளாக" என்று உரக்க ஜெபித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கைகூப்பினார்கள். நடக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. தையல் பிரியாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆமென் சொல்லாமல் கிடந்தேன். அம்மா எனக்கும் சேர்த்து இரண்டு தடவை சொன்னாள்.

முப்பத்தெட்டாவது நாள் மத்தியானம் பத்மாக்கா வந்தார்கள். தூக்குவாளியில் பருப்பு ரசம், இன்னொரு கையில் என் பெயருக்கு வந்த தபால்கள். அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். சாம் சென்னைக்குப் போய், மறுபடி லீவு போட்டு அன்று காலைதான் திரும்பி வந்து, லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"உன் சாமானெல்லாம் என் வீட்டு ஹால்லதான் கட்டி வச்சிருக்கேன் மா. ஸ்கூட்டரும் பத்திரமா இருக்கு. அண்ணன் லாரி போட்டு எடுத்துக்கறேன்னாரு, இன்னும் வரல."

"என்ன சாமான்? எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

அவர்களுடைய செருப்பு ஒரு அடி பின்னால் போனது.

"உனக்குத் தெரியாதா மா? அண்ணன் போன மாசமே சாவி குடுத்துட்டாரே. நீ இனிமே ஊர்லதான்னு சொன்னாரு. புது ஆளுங்க வந்துட்டாங்க. நாலு பேரு, சாஃப்ட்வேர்காரங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு. படுத்திருக்கற புள்ளகிட்ட எதுக்குத் தொல்லைன்னு விட்டுட்டேன். தப்பு பண்ணிட்டேன் மா."

நான் எழுந்து உட்கார்ந்து கத்தியிருக்க வேண்டும். குப்புறக் கிடந்து கத்தினால் சத்தம் தலையணைக்குள்தான் போகும்.

சாயங்காலம் சாமும் அம்மாவும் சேர்ந்து வந்தபோது கேட்டேன்.

"சாவி குடுத்துட்டியா?"

அவன் மறைக்கவில்லை. "ஆமா."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ என்ன சொல்லுவன்னு தெரியும்லா."

"அது என் வீடுண்ணே."

"வாடகை வீடு."

"நான் வாடகை குடுத்த வீடு. என் காசுல கதவ இடிச்சுக் கட்டின வீடு. நீ சென்னைல இருக்கியே, நீ ஊருக்குப் போயிருக்கையில நான் வந்து ஒன் வீட்டக் காலி பண்ணட்டுமா?"

"நானும் நீயும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டான். கேட்டதும் அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஒரு வார்த்தை என் பக்கம் பேச மாட்டாளா என்று பார்த்தேன். பேசவில்லை. உரித்த சுளைகளை ஒவ்வொன்றாக என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் உதட்டை மூடிக்கொண்டேன்.

*

பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றான் சாம். வர மாட்டேன் என்றேன். கடைசி இரண்டு வாரம் அந்தக் கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். உட்கார்ந்து பழக ஆரம்பித்திருந்தேன்: முதல் நாள் பத்து நிமிடம், மறுநாள் இருபது. இறங்கியதும் ஒவ்வொரு தடவையும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று சாம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். "நீ ஊருக்கு வாறதா இருந்தா போடுதேன். இங்க தனியா விட்டுட்டுப் போறதுக்கு என் கையால போட மாட்டேன்." கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நானே போனேன். சக்கர நாற்காலியில், ஐம்பத்தாறு நாளுக்குப் பிறகு வார்டுக்கு வெளியே, மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"நான்தான் பேஷண்ட். நானே சைன் பண்றேன்."

"அட்டெண்டர் லேகுண்டா டிஸ்சார்ஜ் இவ்வலேமு மேடம்." அட்டெண்டர் இல்லாமல் விட முடியாதாம்.

என் சம்பளச் சீட்டு, ஆபீஸ் அடையாள அட்டை, என் பெயரில் இருந்த இன்சூரன்ஸ் தாள் எல்லாம் மேஜையில் கிடந்தன. எதுவும் செல்லவில்லை. பத்மாக்காவுக்குப் போன் பண்ணினேன். அரைமணியில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?"

பத்மாக்கா என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"அக்கா" என்றார்கள் பத்மாக்கா. "கூடப் பொறந்த அக்கா. எங்க வீட்டுக்குத்தான் வரா."

கவுண்டர் பெண் எழுதிக்கொண்டு, என்னை விட்டுவிட்டாள். கூடப் பிறந்த அண்ணன் பத்தடி தள்ளித் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பொய் எனக்கு இன்னும் கசக்கிறது. சம்பாதிக்கிறவள், புத்தியுள்ளவள், வயது வந்தவள் என்ற உண்மைகள் ஒன்றும் என்னை அந்த வாசலைத் தாண்ட விடவில்லை. யாரோ ஒருவருக்குச் சொந்தம் என்ற பொய்தான் தாண்ட விட்டது.

*

பத்மாக்கா வீட்டு ஹாலில் இரண்டு மாதம் படுத்திருந்தேன். என் பழைய வாசலின் சாய்தளத்தில் புதுக் குடித்தனக்காரர்கள் பைக் ஏற்றி நிறுத்தும் சத்தம் தினமும் கேட்கும். வேலைக்குத் திரும்பியதும், உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு நாலு மணிதான் என்ற டாக்டர் சீட்டை ஹெச்.ஆர். வாங்கிக்கொண்டு, என்னை எந்த ப்ராஜெக்டிலும் சேர்க்காமல் பெஞ்சில் வைத்தார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெஞ்ச் என்றால் சும்மா உட்காரவைப்பது. உட்காரக் கூடாதவளை! ஐந்தாம் மாதம் நானே எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது பாலாநகரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில், அவர்கள் செய்யும் கருவிகளைப் பரிசோதித்துக் குறிப்பு எழுதும் வேலை. தரைத்தளம். காலையில் இரண்டு மணி நேரம், படுக்கை, மாலையில் இரண்டு மணி நேரம். சம்பளம் பாதி. மல்காஜ்கிரியில் வீடு. மறுபடி ஒரு கதவை இடித்தேன்.

சாமோடு இரண்டு வருடம் பேசவில்லை. அவன் மகளின் படத்தைக்கூட அம்மாதான் தபாலில் அனுப்பினாள். அவனைத் திட்டாத நாள் இல்லை எனக்கு. தோழிகளிடம் சொல்லுவேன்: என் வீட்டை விற்றுத் தின்றவன் போல அவனைப் பற்றிச் சொல்லுவேன்.

போன மாதம் அம்மா தனியாக வந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து இவ்வளவு தூரம் தனியாக ரயில் ஏறியவளில்லை. நாலு நாள் என் சமையலைச் சாப்பிட்டாள், குறை சொல்லவில்லை. ஐந்தாம் நாள், நான் மத்தியானப் படுக்கையில் குப்புறக் கிடக்கும்போது, கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள்.

"சாம் மேல இன்னும் கோவமா இருக்கியா?"

"அந்தப் பேச்சு வேண்டாம்மா."

"அவன் மேல கோவப்படாதட்டி. சாவியக் குடுக்கச் சொன்னது நான்தான். அவன் மாட்டேன்னு ரெண்டு நாள் சண்ட போட்டான். நீ செய்யலன்னா நான் கெணத்துல விழுவேன்னேன். அப்புறந்தான் குடுத்தான்."

"அவன் எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லாதன்னேன். எம்மேல நீ கோவப்பட்டா நான் தாங்க மாட்டேன். அவன் ஆம்பள, தாங்குவான்னு நெனச்சேன்."

"ஏம்மா? எதுக்கும்மா?"

"கட்டு மாத்தும்போது பாத்தேம்லா. ஒரு முட்டை உள்ள போயிரும், அவ்வளவு குழி. அடியில எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. அந்த நர்சுப் பொண்ணு துணியச் சுருட்டிச் சுருட்டி உள்ள அடைக்கா. நீ என்னடான்னா இட்லி கல்லு மாதிரி இருக்கும்னு சிரிச்சுக்கிட்டுக் கெடக்க. ஒனக்கு ஒண்ணுமே தெரியல. யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்லா?"

மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், கிணற்றில் விழுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் திரும்பிப் போகும் டிக்கெட்டை மறுநாள் நானே போட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று கேட்டவளிடம் வேண்டாம் என்றேன். சாமுக்குப் போன் பண்ண மூன்று தடவை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். நாலாவது தடவை எடுத்துவிட்டான். இருவரும் அவன் மகளுக்குக் கடைவாய்ப் பல் முளைத்ததைப் பற்றியே பேசினோம்.

ஆனால் அந்த மத்தியானம் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். அந்தப் புண்ணை நான் பார்த்ததே இல்லை. வலித்ததில்லை, தொட்டதில்லை. என் உடம்பில், என் முதுகுப்புறம், எல்லோரும் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்ட ஒன்று அது.

"எவ்வளவு பெருசும்மா இருந்துச்சு?"

அம்மா என் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்தாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து, ஒரு வட்டம் வைத்துக் காட்டினாள். போதாதென்று இன்னும் கொஞ்சம் விரித்தாள். நான் அதன் வழியாகப் பார்த்தேன்.